ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குப் பல் எடுத்தோம்

அப்பாவுக்கு ஜிப்மரில் ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலைக் குழாய்) வைத்து அரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, ஈறு வீங்கி, கன்னம் வரை வலி ஏறிவிட்டது. ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். இந்த மாத்திரைகள் உள்ளே போகும்போது பல்லை எப்படி எடுப்பது என்று நாங்கள் பட்ட அலைச்சலை எழுதி வைக்கிறேன். கடலூர், பாண்டிச்சேரி பக்கம் இதே சீட்டோடு இருக்கும் வீடுகள் நிறைய.

கடலூரில் முதலில் காட்டிய பல் கிளினிக்கில், "ரெண்டு மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க, எடுத்துடலாம்" என்றார்கள். இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலோ, எங்களைக் கேட்காமல் இந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. "ஒரு வாரந்தானேம்மா, என்ன ஆயிடப் போவுது" என்றார் அப்பா. ராத்திரி முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறிப் பாண்டிச்சேரியில் இறங்கி, அங்கிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்குப் போனோம். ஓ.பி.க்கு விடிகாலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.

அங்கே ஒரு டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஐயா, பல்லு போனா வேற பல்லு கட்டிக்கலாம். ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டா மறுபடியும் அட்டாக்தான். மாத்திரை ஒரு நாளும் நிக்கக் கூடாது."

எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது, கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். ரத்தக் குழாயில் காயம் பட்டால் முதலில் ஓடி வந்து ஒட்டுவது ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்). ஒட்டியதும் அவை உருமாறி முள் முள்ளாக நீட்டிக்கொள்ளும். திராம்பாக்சேன், ஏ.டி.பி. என்ற பொருள்களைக் கக்கும். அக்கம்பக்கத்துத் தட்டணுக்களுக்கு அதுதான் அழைப்பு. ஒன்றோடு ஒன்று பிணைந்து கட்டியாகிவிடும். கை வெட்டுப்பட்டால் இது நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் புதிதாக வைத்த ஸ்டென்டின் கம்பியும் தட்டணுவுக்குக் காயம் மாதிரிதான். அதன்மேல் உட்சவ்வு வளர்ந்து மூடும் வரை அங்கே போய் ஒட்டப் பார்க்கும்.

ஆஸ்பிரின் திராம்பாக்சேனைத் தயாரிக்கும் நொதியை முடக்குகிறது. குளோபிடோக்ரல் ஏ.டி.பி. வந்து சேரும் வாசலை அடைக்கிறது. இரண்டு அழைப்புகளில் ஒன்றை மட்டும் தடுத்தால் மற்றது வழியாகக் கூட்டம் சேரும் என்பதால்தான் இரண்டு மாத்திரை. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, முடங்கிய நொதிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. அது வாழும் 7 முதல் 10 நாள் வரை அப்படியேதான் இருக்கும். எலும்பு மஜ்ஜையிலிருந்து தினமும் பத்தில் ஒரு பங்கு புதிதாக வரும். ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிற கணக்கு அங்கிருந்து வருவதுதான். அந்த ஒரு வாரத்தில் பல் குழியில் ரத்தம் சீக்கிரம் நிற்கும், உண்மை. அதே வேகத்தில் ஸ்டென்டுக்குள்ளும் உறையலாமே! அதை நினைத்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். தட்டணு எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கு மேல். ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இயல்பு என்று ரிப்போர்ட்டிலேயே இருந்ததால், "எல்லாம் சரியாத்தானே இருக்குது, அப்புறம் ஏன் கையெல்லாம் நீலம் கட்டுது?" என்று அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ஐந்து ரூபாய் அகலத்துக்குத் தடங்கள். எண்ணிக்கை வேறு, வேலை வேறு என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாத்திரை தட்டணுவைக் குறைப்பதில்லை, அவை ஒன்றாகச் சேர்ந்து ஒட்டாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஒன்றுகூடுகிறதா என்று பார்க்கத் தனிப் பரிசோதனை உண்டு. 1962-ல் குஸ்தாவ் போர்ன் கண்டுபிடித்த முறை அது: தட்டணுக்கள் நிறைந்து கலங்கிய பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) வழியே ஒளியைச் செலுத்தி, தட்டணுக்கள் கட்டியாகத் திரளத் திரள ஒளி கூடுதலாக ஊடுருவுவதை அளப்பார்கள். ஒரு பல்லுக்காக அது தேவையில்லை என்றார்கள். இந்தப் பக்கம் மழைக்காலத்தில் டெங்கு வரும்போது மட்டும் கவனம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதில் எண்ணிக்கையே சரியும். ஏற்கெனவே வேலை செய்யாத தட்டணு எண்ணிக்கையிலும் குறைந்தால் ஆபத்து. காய்ச்சல் என்றால் உடனே வரச் சொன்னார்.

எதிர்வீட்டு அத்தை செயற்கை வால்வு வைத்தவர். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்ற வேறு மாத்திரை சாப்பிடுகிறார். "ஐ.என்.ஆர். பாத்தீங்களா? கீரையைக் குறைக்கச் சொல்லு" என்று அக்கறையோடு சொன்னார். அவருக்கு அது சரி. அவருடைய மாத்திரை, கீரையில் இருக்கும் வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்யும் உறைதல் புரதங்களைக் குறைக்கிறது, அதை ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுப் பரிசோதனை காட்டும். அப்பாவின் மாத்திரைகள் தட்டணுவில் வேலை செய்கின்றன, ஐ.என்.ஆர். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒருவர் சீட்டை வைத்து இன்னொருவருக்குச் சொல்ல முடியாத விஷயம் இது.

வலி மாத்திரையிலும் விழிப்பு வேண்டும். மருந்துக் கடையில் பல்வலி என்றதும் இபுபுரோஃபென் எடுத்து நீட்டினார்கள். ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய அதே இடத்தில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், ரத்தக் கசிவையும் கூட்டும். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாராசிட்டமால் வாங்கினேன். வயிற்றுக்கும் ஒமிப்ரசோல் வேண்டாம், குளோபிடோக்ரல் கல்லீரலில் செயலுக்கு வருவதை அது குறைக்கும் என்று பான்டோப்ரசோல் எழுதியிருந்தார்கள்.

டாக்டரம்மா தந்த கடிதத்தில் இருந்தது இரண்டே வரி: இரண்டு மாத்திரையும் தொடர வேண்டும், ரத்தத்தை அந்த இடத்திலேயே கட்டுப்படுத்திப் பல் எடுக்கலாம். அதோடு பாண்டிச்சேரியில் வேறொரு பல் மருத்துவமனைக்குப் போனோம். கடிதத்தைப் படித்துவிட்டு, சாயங்காலம் வேண்டாம், காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்றார்கள். கசிந்தால் பகலிலேயே திரும்ப வந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு பல்லை மட்டுமே எடுத்தார்கள். ஊசி போட்டு மரத்துப்போன பிறகு எடுத்து, குழிக்குள் ஜெலட்டின் பஞ்சை வைத்து அடைத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்தார்கள். பிறகு ஒரு துணிப் பஞ்சைச் சின்னதாக மடித்து, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் மருந்தில் நனைத்துக் கடிக்கக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் பேசாமல், துப்பாமல், அழுத்திக் கடித்தபடி இருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தபோது நடுவில் மட்டும் அடர் சிவப்பு, ஓரமெல்லாம் வெளிர்ந்திருந்தது. "போதும், நின்னுடுச்சு" என்றார் பல் டாக்டர். வீட்டில் கசிந்தால் வைக்கச் சுத்தமான பஞ்சும் கொடுத்தனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் வரை எச்சிலில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அப்பா பயந்தார். மடித்த பஞ்சை இன்னொரு முறை கடிக்க வைத்தேன், நின்றது. முதல் நாள் வாய் கொப்பளிக்கவில்லை, சூடாக எதுவும் கொடுக்கவில்லை, ஆறின கஞ்சிதான். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். ராத்திரி மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

வருஷம் முடிந்ததும் இரண்டில் ஒன்றை நிறுத்தலாமா என்று பார்த்துச் சொல்வதாக ஜிப்மரில் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை இருக்கிறது. அந்த ஆபரேஷனுக்கும் முதலில் இதய மருத்துவரின் கடிதம் வாங்கிக்கொண்டுதான் போகப் போகிறோம்.