சென்ட் ஆச்சு, சீட்டு வரவில்லை

மணலி பக்கம் ஓர் எடை மேடைக்கான வேலை. எடையைப் படிக்கும் புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில், சீட்டு அடிப்பது இன்னொன்றில், இரண்டும் சி மொழியில், நடுவே டிசிபி, அதாவது நெட்வொர்க்கில் தரவை வரிசை மாறாமல் கொண்டுபோகும் முறை. வாங்குபவர் எடுத்துக்கொள்ளும்வரை அனுப்புபவர் நகரக் கூடாது, கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1978இல் எழுதிய அதே சங்கதி. இணைப்பைத் திறக்கும் சாக்கெட், பைண்ட், லிசன் அழைப்புகள் எல்லாம் வழக்கம்போலத்தான்.

ஆனால் முன்பு எழுதிவிட்டுப் போனவர், அனுப்பும் அழைப்பான சென்ட் திரும்பி வந்தாலே செய்தி சேர்ந்துவிட்டதாக வைத்திருந்தார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி மேடையை விட்டு இறங்கியாச்சு, சீட்டைக் காணோம், பின்னால் நிற்கும் டிரைவர்கள் ஹாரனிலேயே திட்டுகிறார்கள். நெட்வொர்க் பார்ப்பவரைக் கூப்பிட்டால், "பிங் போகுது சார், உங்க புரோகிராம்ல பாருங்க" என்று வைத்துவிட்டார். கடுப்பு என்னவென்றால், அவர் சொன்னது சரிதான்.

சென்ட் என்பது தபால் பெட்டியில் கடிதம் போடுவது மாதிரி, கெர்னல் பஃபரில் (ஆபரேட்டிங் சிஸ்டம் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) விழுந்ததும் திரும்பிவிடும். எதிர்ப்பக்கம் புரோகிராம் கிராஷ் ஆனால் பஃபரில் இருந்ததும் அதோடு போச்சு. அதனால் ஒரு பைட் ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வைத்தேன். வாங்கும் அழைப்பான ரீசிவ் முடிந்த கையோடு அதை அனுப்பிவிடாதீர்கள், எதிர்ப்பக்கம் செய்தியை உண்மையிலேயே எடுத்துக்கொண்ட பிறகு அனுப்புங்கள்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அடுத்த வில்லங்கம். முதல் சில செய்திகள் பறக்கும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிசெகண்ட் தாமதம், திரையில் ஓடும் எடை பின்தங்கியது. நீளத்தை ஒரு ரைட், உள்ளடக்கத்தை இன்னொரு ரைட் என்று அனுப்பியதால் வந்த வினை: முதல் துண்டுக்கு ஏக் (டிசிபி தானாக அனுப்பும் 'வந்தது' பதில்) வராமல், சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பப் பார்க்கும் நேகல் முறை இரண்டாவதை விடாது, எதிர்ப்பக்க லினக்ஸோ ஏக்கைத் தள்ளிப்போடும். இரண்டையும் ஒரே அழைப்பில் எழுதும் ரைட்வியில் ஒன்றாக அனுப்பி, நேகலை அணைக்கும் டிசிபி நோடிலேயும் போட்டதும் காணாமல் போனது. பெரிய நிம்மதி.

ரீசிவ் கேட்ட அளவை ஒரே தடவையில் தரும் என்று நம்பாதீர்கள், லூப் போடுங்கள். எதிர்ப்பக்கம் மூடிய சாக்கெட்டில் எழுதினால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து புரோகிராம் சத்தமில்லாமல் செத்துவிடும், அந்தச் சிக்னலை இக்னோர் செய்ய வையுங்கள். கேபிள் பிடுங்கப்பட்டால் ரீசிவுக்குத் தெரியவே தெரியாது, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் போட்டாலும் லினக்ஸில் முதல் சோதனை 2 மணி நேரம் கழித்துத்தான், ஆகவே சொந்தமாக டைம்அவுட் வையுங்கள். டைம்அவுட் ஆகித் திரும்ப அனுப்பும்போது வரிசை எண் இல்லையென்றால் ஒரே லாரிக்கு இரண்டு சீட்டு வரும், சண்டை நிச்சயம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கினால் இரண்டும் ஒப்புதலுக்குக் காத்து உறைந்துபோகும், அதற்கு ஒவ்வொரு திசைக்கும் தனி சாக்கெட், தனி திரெட் என்று பிரித்துவிட்டேன்.