தட்டைச் சாய்த்துப் பார்

மார்ச் 3

மலேரியாவுக்கு மருந்து தேடி, சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி வளரும் 96 குழித் தட்டில் ஒரு வரிசைக்குச் செடிச்சாறு விட்டிருந்தோம். இன்று அந்த வரிசை மொத்தமும் காலி. சாயம் போட்டு அளந்ததில் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. துளிகூட இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவிக்கு ஒரே குஷி. அதேபோலப் போட்டு மிச்சம் வைத்திருந்த இன்னொரு தட்டை எடுத்துச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். மற்றக் குழிகளில் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே ஊடகம் தெளிந்து நிற்கிறது. இந்த வரிசையில் அடியில் ஒன்றும் இல்லை. திரவம் முழுக்கச் செக்கச்செவேல் என்று, ஆனால் கலங்கலே இல்லாமல் இருக்கிறது. அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டிவிட்டது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தின கதைதான்.

அந்தச் சாற்றில் ஸ்டீராய்டு சப்போனின்கள் (சோப்புபோல நுரைக்கும் செடிப்பொருட்கள்) உண்டு. சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுவது அவற்றின் வேலை. ஒட்டுண்ணியை முழுசாகப் பிரித்தெடுக்க நாங்களே சப்போனின் ஊற்றித்தான் அணுவை உடைக்கிறோம்! அதையே மருந்து என்று எழுதிவைத்தால் எப்படி?

மார்ச் 5

சப்போனினில் தொங்கும் சர்க்கரைகளை அமிலத்தில் வெட்டி, டயோஸ்ஜெனின் மாதிரி வெறும் ஸ்டீராய்டுக் கூட்டை எடுத்தோம். அணு உடைவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது. இனி எந்தச் சேர்மம் வந்தாலும் தொற்றில்லாத சிவப்பணுவிலும் ஒரு வரிசை போட வேண்டும்.

மார்ச் 11

குடசப்பாலைப் பட்டையிலிருந்து கொனெசின் என்ற சேர்மம். இதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் இரண்டு நைட்ரஜன் உள்ள ஆல்கலாய்டு, அதாவது செடியில் வரும் காரப்பொருள். ஒட்டுண்ணிக்கு எதிராக இது வேலை செய்வது ஏற்கெனவே பதிவான விஷயம். எங்கள் கையிலும் அப்படியே வந்தது, அணுவும் உடையவில்லை.

ஜீம்சா சாயமிட்ட சிலைடுதான் எனக்குத் திருப்தி தந்தது. ஒட்டுண்ணியின் 48 மணி நேர வளர்ச்சிச் சுழற்சி முடியும்போது, மருந்தில்லாத சிலைடில் இளம் ஒட்டுண்ணிகளின் புது மோதிர வடிவங்கள், நீல வளையமும் செம்புள்ளியுமாக. மருந்து பட்டதில் சுருங்கிப்போன கரும்புள்ளிகள் மட்டும், சுற்றிலும் சிவப்பணுக்கள் வட்டம் குலையாமல். இது நிஜமான சாவு.

எப்படிக் கொல்கிறது? பூஞ்சை மருந்துகள்போல ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் வகைப் பொருள்) தயாரிப்பைத் தடுக்கிறது என்று சொல்ல முடியாது. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் தானாக ஸ்டீரால் செய்வதே இல்லை, கொலஸ்ட்ராலை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காரத்தன்மையுள்ள நைட்ரஜன் இருப்பதால், பழைய மலேரியா மருந்தான குளோரோகுயின்போல ஒட்டுண்ணியின் அமில உணவுக்குமிழியில் போய்ச் சேர்கிறதோ என்று ஒரு சந்தேகம். சந்தேகம்தான், எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19

சொடக்குத் தக்காளி இனத்தின் ஃபைசாலின்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வை மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். இவையும் ஸ்டீராய்டு வழி வந்தவை. தட்டில் ஃபைசாலின் எஃப் நன்றாகவே கொல்கிறது. எலி மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கெய் தொற்றிய எலிக்குக் கொடுத்தால் தலைகீழ்: ரத்தத்தில் ஒட்டுண்ணி கூடுகிறது, எலிகள் அதிகம் சாகின்றன. அது எலியின் நோயெதிர்ப்பையே அடக்கிவிடுவதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. தட்டில் மந்தமாக இருந்த ஃபைசாலின் டி, எலியில் ஒட்டுண்ணியைக் குறைத்தது. "அப்போ தட்டு எதுக்கு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கழித்துக்கட்ட உதவும், தேர்ந்தெடுக்கப் போதாது.

மார்ச் 27

வேதியியல்காரருடன் வாக்குவாதம். கொனெசின் மூளையில் ஹிஸ்டமின் எச்3 ஏற்பியை (நரம்புச் செய்தியை வாங்கும் புரதம்) தடுக்கும், அது தெரிந்த சங்கதி. குழந்தைகளும் விழுங்க வேண்டிய மலேரியா மாத்திரையில் அது வேண்டாத வேலை. ஸ்டீராய்டுக் கூட்டின் 3ஆம் இடத்து அமீனை (நைட்ரஜன் உள்ள தொகுதி) மாற்றி அந்தப் பிடிப்பைத் தளர்த்தலாம் என்கிறேன். வீரியத்தை இன்னும் ஏற்றிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்கிறார் அவர்.

வீரியம் எனக்கு அவசரமில்லை. மனித அணுவுக்கும் ஒட்டுண்ணிக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று தெரியாமல் எலிக்கு ஊசி போட நான் கையெழுத்திட மாட்டேன். கடைசியில் இரண்டு மாற்றுவடிவங்கள் செய்து தர ஒப்புக்கொண்டார். அந்த இடைவெளியை அளக்கக் கல்லீரல் செல்களை இன்றே உறைபெட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப் போட்டாயிற்று.