சிசாட் தாளில் 28 தவறுகள்: நான் வாசிப்பைத் திருத்திக்கொண்ட விதம்

ஐஏஎஸ் முதலான பணிகளுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) நடத்தும் முதல்நிலைத் தேர்வில் என் முதல் முயற்சி, காலையில் எழுதிய பொது அறிவுத் தாளில் தோற்கவில்லை. மதியம் எழுதிய சிசாட் தாளில், அதாவது பத்தி வாசிப்பு, தருக்கம், கணக்கு ஆகியவற்றைச் சோதிக்கும் திறனறித் தாளில் தோற்றது. 80 கேள்விகளில் 62-க்கு விடை குறித்திருந்தேன். 34 சரி, 28 தவறு. ஒரு சரியான விடைக்கு 2.5 மதிப்பெண், ஒரு தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. ஆக 85-இல் 23.33 போய் 61.67 மிஞ்சியது. தகுதிக்கு வேண்டியது 200-க்கு 33 சதவீதம், அதாவது 66.

அந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். புதிதாக ஒரு கேள்விக்குக்கூட விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவறிய 28-இல் ஆறைத் தொடாமல் விட்டிருந்தாலே 66.67 வந்திருக்கும். காலைத் தாளுக்காக ஒரு வருடம் படித்த படிப்பு, நான் விட்டிருக்க வேண்டிய ஆறு கேள்விகளால் வீணானது. இதை எழுதுவதே அதற்காகத்தான். 'அது வெறும் தகுதித் தாள்தானே, கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இப்போது நினைத்துக்கொண்டிருப்பவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள் குறிப்பாக, என் வழியில் வந்துவிடக் கூடாது.

2011-இல் சிசாட் வந்தபோது அதன் மதிப்பெண்ணும் அடுத்த கட்டத்துக்குப் போவதற்கான கட்-ஆஃபில் சேர்ந்தது. 2015 முதல் அது தகுதித் தாள் மட்டும்: 33 சதவீதம் எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் கட்-ஆஃபில் சேராது. அதனால்தான் பலரும் அதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தாள் லேசாகவில்லை. 2023-இல் கேட்ட கேள்விகள் கடினம் என்று தேர்வர்கள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்வைத் தமிழில் சந்திக்கலாம். முதல்நிலை வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பத்தி வாசிப்புக் கேள்விகள். பத்தியைச் சரியாகப் படிக்காமல் இந்தத் தாளைத் தாண்டுவது மிகக் கடினம்.

தோற்ற பிறகு நான் செய்த முதல் காரியம் சொல்வளம் சேர்ப்பது. ஆங்கிலம் போதவில்லை, அதனால்தான் பத்தி புரியவில்லை என்று முடிவுகட்டி நோட்டு நோட்டாகச் சொற்கள் எழுதினேன். மூன்று மாதம் போனது, பழைய வினாத்தாள்களில் என் தவறுகள் மட்டும் குறையவில்லை. படிப்பகத்தில் பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் ஒருநாள் என் தாளை வாங்கிப் பார்த்தார். நான் தவறாகக் குறித்திருந்த ஒரு விடையைக் காட்டி, "இது எந்த வரியில இருக்கு? விரல் வச்சுக் காட்டு" என்றார். தேடினேன், இல்லை. "ஆனா உண்மைதானே அண்ணே, இந்தியப் பொருளாதாரத்துல படிச்சிருக்கோமே" என்றேன். "உண்மைதான். ஆனா அந்தக் கேள்வி உன்கிட்ட உண்மையக் கேக்கலையே தம்பி, இவரு என்ன சொன்னாருன்னுதானே கேட்டுச்சு."

அன்று இரவு உட்கார்ந்து, பழைய தாள்களில் தவறிய பத்திக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் நான் குறித்த விடைக்கு விரல் வைக்க முடிகிறதா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. சொல் புரியாமல் தவறியவை சிலதான். மற்றவை எல்லாம், புரிந்த பத்தியில் என் பொது அறிவைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் தவறியவை. பத்திகளுக்கு மேலேயே, விடைகள் பத்தியை மட்டும் அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நான் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மீறியிருந்தேன்.

ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தேர்வில் வரும் பாணியில் நானே எழுதிய பத்தி இது:

'ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் பல ஊர்களில் விளைச்சல் கூடியது. ஆனால் நீர்மட்டம் இறங்க இறங்க, இன்னும் ஆழமாகத் துளைக்கப் பணம் உள்ளவருக்கே தண்ணீர் கிடைக்கிறது; பழைய திறந்த கிணற்றை நம்பியிருப்பவரின் கிணறு வற்றிப்போகிறது. எல்லாருக்கும் பொதுவான நீரை எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல யாருமில்லை.'

பத்தியின் மையக் கருத்து எது என்பது கேள்வி. முதல் ஆப்ஷன்: ஆழ்துளைக் கிணறுகளால் விளைச்சல் கூடியிருக்கிறது. இரண்டாவது: புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு அரசு தடை விதிக்க வேண்டும். மூன்றாவது: மழையளவு குறைந்ததே நீர்மட்டம் இறங்கக் காரணம். நான்காவது: வரம்பில்லாமல் எடுக்கப்படும் பொது நீரின் இழப்பு, வசதி குறைந்தவர் தலையில் விழுகிறது.

மூன்றாவதற்கு விரல் வைக்க இடமே இல்லை; மழை என்ற சொல்லே பத்தியில் கிடையாது. இரண்டாவதுதான் என்னைப் போன்றவர்களைப் பிடிக்கும் வலை. பத்தி ஒரு கேட்டைச் சொன்னதும் தீர்வு நம் வாயில் வந்துவிடுகிறது. முதன்மைத் தேர்வுக்குக் கட்டுரை எழுதிப் பழகிய மனம் 'அரசு செய்ய வேண்டியது' என்று தானாகவே ஓடும். ஆனால் எழுதியவர் தடையைப் பற்றிப் பேசவில்லை. முதலாவதற்கு அழகாக விரல் வைக்கலாம், முதல் வரியிலேயே இருக்கிறது. அது பத்தியில் இருக்கும் செய்தி, பத்தியின் கருத்து அன்று. 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதற்காகவே அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. விடை நான்காவது. அந்தச் சொற்கள் அப்படியே பத்தியில் இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரியைக் காட்டலாம்.

விரல் வைக்கும் பழக்கம் வந்த பிறகு, கேள்வி எதைக் கேட்கிறது என்பதில் கவனம் போனது. கிரக்ஸ், இன்ஃபரன்ஸ், அசம்ப்ஷன் மூன்றையும் நான் ஒரே மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். மூன்றும் வேறு. கிரக்ஸ் என்றால் மொத்தப் பத்தியும் எதைச் சொல்ல வந்தது என்பது. இன்ஃபரன்ஸ் என்றால் பத்தி சொன்னதை ஒப்புக்கொண்டால் கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டியது எது என்பது; அது சின்ன விஷயமாகக்கூட இருக்கலாம். அசம்ப்ஷன்தான் பலரையும் குழப்புவது. எழுதியவர் சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது அது. அதற்கு விரல் வைத்துப் பார்த்தால் கிடைக்காது, வேறு சோதனை வேண்டும். ஆப்ஷனை எதிர்மறையாக்கிப் பாருங்கள். வாதம் விழுந்தால் அது அசம்ப்ஷன்.

'சிறு உழவர்களுக்கு மானியத்தில் பம்புசெட் கொடுத்தால் விளைச்சல் கூடும்' என்று ஒருவர் சொல்கிறார். 'நிலத்துக்கடியில் எடுப்பதற்குத் தண்ணீர் இருக்கிறது' என்பது அசம்ப்ஷனா? தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்புசெட் கொடுத்துப் பயனில்லை, வாதம் விழுந்துவிட்டது. ஆகவே அசம்ப்ஷன்தான். 'சிறு உழவர்கள் எல்லாரும் கடனில் இருக்கிறார்கள்' என்பது? எல்லாரும் கடனில் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அவர் சொன்னது அப்படியே நிற்கிறது. ஆகவே அன்று.

மொழி ஒரு தடையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தடைதான். ஆனால் தடை இருந்த இடம் கடினமான சொற்களில் இல்லை, வாக்கியக் கட்டில் இருந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பொருள் கொள்ளப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், அதன் பிறகும் நாலு தொடர்கள் வால்போல நீளும். கடைசித் தொடரில் நான் நிற்கும்போது யார் என்ன செய்தார் என்பதே மறந்திருக்கும். அதனால் நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் எழுவாயையும் வினையையும் பென்சிலால் கோடிட்டேன். பிறகு அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரே வரியாக வாய்க்குள் சொன்னேன். மொழிபெயர்ப்பாக இல்லாமல், பக்கத்தில் இருக்கும் தம்பிக்குச் சொல்வதுபோல. சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். இதற்கு முதலில் ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் ஆனது. ஒன்றரை மாதத்தில் கோடும் தேவைப்படவில்லை, வாயும் அசையவில்லை.

சின்னச் சொற்கள்தான் பெரிய சேதம் செய்கின்றன. 'அன்லெஸ்' அப்படி ஒரு சொல். 'உள்ளூர் மக்கள் பங்கேற்றாலொழிய இந்தத் திட்டம் வெற்றி பெறாது' என்று பத்தியில் இருக்கும். 'மக்கள் பங்கேற்றால் திட்டம் வெற்றி பெறும்' என்று ஆப்ஷனில் இருக்கும். நான் இதைச் சரியென்றே குறித்துவந்தேன். பங்கேற்பு இல்லாமல் முடியாது என்றுதான் பத்தி சொன்னது, அது ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. இங்கே ஆங்கிலமும் தருக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. தருக்கத்தைச் சோதிக்கும் ரீசனிங் பகுதியில் வரும் கூற்று - முடிவு கேள்விகளிலும் இதே பிழையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. 'ஒன்லி', 'ஆல்', 'நெவர்' உள்ள ஆப்ஷன்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பத்தியே 'ஒன்லி' என்று சொல்லியிருந்தால் அந்த ஆப்ஷனே விடையாக இருக்கலாம்.

ரீசனிங்கில் வட்ட மேசை, ரத்த உறவு, நாட்காட்டி எல்லாம் பயிற்சியில் வந்துவிடும், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேட்டா சஃபிஷியன்சி பற்றி மட்டும் கொஞ்சம். ஒரு கேள்விக்கு விடை காணக் கொடுத்த கூற்றுகளில் எது போதும் என்று கேட்பது அது. x என்ற முழு எண் 12-ஆல் மீதியின்றி வகுபடுமா? கூற்று ஒன்று: x, 4-ஆல் வகுபடும். கூற்று இரண்டு: x, 6-ஆல் வகுபடும். முதல் கூற்றைப் படித்தேன். 4 வகுபடாது, 12 வகுபடும், ஆகவே போதாது. இரண்டாவதைப் படித்ததும், 4 மற்றும் 6-இன் மீச்சிறு பொது மடங்கு 12, விடை கிடைத்துவிட்டது என்று 'இரண்டாவது கூற்று மட்டும் போதும்' என்று குறித்தேன். இரண்டாவதைப் பார்க்கும்போது முதலாவது என் தலையில் இருந்ததுதான் தவறு. 6 என்ற எண்ணே இரண்டாவது மட்டும் போதாது என்பதற்குச் சான்று. இரண்டும் சேர்ந்தால்தான் போதும். அதன் பிறகு இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதல் கூற்றைக் கையால் மறைத்துக்கொள்வதை வழக்கமாக்கினேன். பத்தியில் விரல் வைப்பதும், இங்கே கூற்றை மறைப்பதும் ஒரே வேலைதான்: கொடுத்ததை மட்டும் வைத்துக்கொள்வது.

பயிற்சிக்கு ஆணையத்தின் பழைய வினாத்தாள்களைத்தான் நம்பினேன். மாக் டெஸ்ட் எனப்படும் மாதிரித் தேர்வுகளின் பத்திகளில் இரண்டு ஆப்ஷன்கள் சரிபோலத் தோன்றும்போது, பிழை என் வாசிப்பிலா கேள்வியிலா என்று தெரியாமல் போகும். ஆணையத்தின் தாள்களுக்கு அதன் விடைக்குறிப்பே இருக்கிறது. ஒத்துக்கொள்ள மனம் வராவிட்டாலும், அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை அதிலிருந்துதான் படிக்க முடியும். ஒரே தாளை மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை எழுதினேன். தவறு நோட்டில் சரியான விடைக்கு விளக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு, 'நான் ஏன் இதைத் தேர்ந்தேன்' என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். 'பத்தியில் இல்லை, ஜிஎஸ்-இல் (பொது அறிவுப் பாடத்தில்) படித்தது', 'நாட் என்ற சொல்லைக் கவனிக்கவில்லை', 'கேட்டது இன்கரெக்ட், குறித்தது கரெக்ட்'. இருபது பக்கம் ஆனபோது, நான் செய்யும் தவறுகள் மொத்தமே ஐந்தாறு வகைதான் என்று தெரிந்தது.

விடுவதையும் பழக வேண்டும். நான்கு ஆப்ஷனில் ஒன்றைக்கூட நீக்க முடியாமல் ஊகித்தால், நீண்ட கணக்கில் வரவும் கழிவும் சமமாகிச் சுழியத்தில் நிற்கும். இரண்டை நீக்கிவிட்டு மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக 0.83 மதிப்பெண் ஆதாயம். ஆனால் அந்த நீக்கம் நேர்மையான நீக்கமாக இருக்க வேண்டும். 'என்னவோ சரியில்லை' என்று நீக்கியதெல்லாம் கணக்கில் வராது. முதல் முயற்சியில் நான் குறித்த 28 தவறுகளில் பலவும் அப்படி நீக்கிவிட்டுக் குறித்தவைதான்.

தாளின் நேரம் மதியம் 2:30 முதல் 4:30 வரை. நான் சிசாட் பயிற்சியைக் காலையில், தெளிவான தலையோடு செய்துகொண்டிருந்தேன். காலைத் தாள் எழுதிக் களைத்து, சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது இருக்கும் தலை வேறு. இரண்டாம் முயற்சிக்கு முன் கடைசிப் பத்து ஞாயிறுகளில் 9:30-க்கு ஒரு பொது அறிவுத் தாள், 2:30-க்கு ஒரு சிசாட் தாள் என்று எழுதினேன். முதல் இரண்டு ஞாயிறுகளில் மூன்றரை மணிக்குமேல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் பத்திகளை முதல் ஐம்பது நிமிடத்துக்கு மாற்றிக்கொண்டேன். கணக்கும் ரீசனிங்கும் கை ஓடினால் களைப்பைத் தாங்கும், வாசிப்பு தாங்காது. உங்களுக்கு இது நேர்மாறாக இருக்கலாம். நாலு தாள் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேர்வு நாளில் 11:30-க்கு வெளியே வந்ததும், காலைத் தாளின் விடைகளை விவாதிக்கும் கூட்டத்தில் நிற்காமல் நடந்துவிட்டேன். கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒரு மர நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மதியத் தாளில் 52 கேள்விகளுக்கு மட்டும் விடை குறித்தேன். 41 சரி, 11 தவறு, 93.33. முதல் முறையைவிடப் பத்துக் கேள்விகள் குறைவாகத் தொட்டிருந்தேன்.