இன்னும் மூணு செட்

ஜிம்மில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க டிரெட்மில்லை விட்டு நான் நகரவே இல்லை. எடை தூக்கும் மூலையில் எப்போதும் நாலைந்து ஆண்கள். அந்தப் பக்கம் போகக் கால் வராது. அப்புறம் ஒரு நாள் பார்பெல்லை, அதாவது இரண்டு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பியை, தூக்கிப் பார்த்தேன். தட்டு எதுவும் மாட்டாமலே கனத்தது. நமக்குத் தெம்பு இவ்வளவுதான் போல என்று வைத்துவிட்டேன். வெறும் கம்பியே 20 கிலோ என்பது பிறகுதான் தெரிந்தது! பெண்களுக்கான கம்பி 15 கிலோ, தடிமனும் குறைவு. அதைத் தேடி எடுத்தேன்.

பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். அதற்கான சட்டமான ஸ்குவாட் ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை, நான் முழுதாக உட்காரும்போது பார்பெல் வரும் உயரத்துக்குச் சற்றுக் கீழே மாட்டினேன். எழ முடியாவிட்டால் அதன்மேல் இறக்கிவிடலாம், யாரையும் கூப்பிட வேண்டாம். பாதி பயம் அதிலேயே போய்விட்டது.

நேற்று அந்த ரேக்குக்காகக் காத்திருந்த ஒருவர் வந்து, "இன்னும் எத்தனை செட்?" என்றார். முன்பென்றால் உடனே ஒதுங்கியிருப்பேன். "மூணு" என்றேன்.