ஏறும்போது எட்டு கிலோ, இறங்கும்போது முப்பது

மதியச் சாப்பாட்டு மேசையில், பாண் துண்டுக்கு மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டே கூட வேலை செய்கிற நோர்வேக்காரர் கேட்பார்: "இந்த முறை துருவமான் வேட்டைக்கு வாறியா? நீ ஜிம்முக்குப் போற ஆள்தானே, உனக்கு இது பெரிய விஷயமில்லை." இந்த நாட்டில் பத்துப் பதினைந்து வருடம் இருந்தவருக்கு இப்படியொரு அழைப்பு என்றைக்காவது வந்து சேரும். வீட்டுக்கு வா என்று சொல்லவே மூன்று வருடம் யோசிக்கிற சனம் மலைக்குக் கூப்பிடுகிறது என்றால் அது பெரிய மரியாதை. தலையாட்டாமல் இருக்க முடியாது. தலையாட்டிவிட்டு, பழகிப் பார்ப்போமே என்று சனிக்கிழமை முதுகுப்பையைக் கொளுவிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கும்போதுதான் விஷயம் விளங்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், சமாளித்துவிடலாம். இறங்கும்போது பாதி வழியில் தொடை வெடவெடக்கும். அந்த நேரம் பார்த்து எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் நாயையும் பிடித்துக்கொண்டு, சிரித்து வணக்கம் சொல்லி, எங்களைத் தாண்டி ஓடி இறங்குவார்.

அவரோடு போட்டி போட முடியாததற்குப் பிறந்த மண்ணும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை ஒன்றுதான், அதுவும் கடற்கரையில் இருக்கிற கேணி. மற்றதெல்லாம் தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். சோழகக் காற்று முகத்தில் அறைய, பாரில் ஒருவரையும் கரியரில் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்து உரமேறிய கால்கள் எங்களுடையவை. அந்த உரம் ஏற்றத்துக்குக் கை கொடுக்கும், ஏனென்றால் மிதிக்கும்போதும் ஏறும்போதும் தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலையைச் சைக்கிளும் பழக்காது, ஜிம்மில் ஓடுகிற பட்டியும் பழக்காது. பழகாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, வலி அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். வேட்டையின் முதல் நாளில் இறங்கியவர் மூன்றாம் நாள் குடிசைப் படியில் பக்கவாட்டாக இறங்குவது இதனால்தான்.

மலைநடை பற்றிய வழமையான அறிவுரை வேட்டைக்குப் பொருந்தாது என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். நடைப்பயணக்காரர் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து ஏறி, உச்சியில் ஊற்றிவிட்டு முழங்காலைக் காப்பாற்றி இறங்குவார். வேட்டைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். காலையில் பையில் கத்தி, கயிறு, சூடு காக்கும் போத்தல், மழைச்சட்டை என்று எட்டு கிலோ. பின்னேரம் அதற்கு மேல் இறைச்சி. கன்று ஒன்று தோலும் குடலும் நீக்கினால் 15 முதல் 20 கிலோ வரும். துவக்கு, தொலைநோக்கியோடு 4 கிலோ. ஆக, முப்பது. வளர்ந்த ஆண் என்றால் இறைச்சி மட்டுமே 50 கிலோவைத் தாண்டும், அதைப் பிரித்து இரண்டு மூன்று பேர் சுமக்க வேண்டும். காட்டுநிலத்தில் மோட்டார் வாகனம் ஓட்டச் சட்டம் பொதுவாக விடுவதில்லை. ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்துப் பக்கம் போனால் இன்னொரு பாரமும் உண்டு. மான்களின் மூளையைத் தின்கிற நோய் (CWD) 2016இல் நோர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியிலும் 2020இல் ஹார்டாங்கர்விட்டாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் அங்கே வளர்ந்த விலங்கைச் சுட்டால் பரிசோதனைக்கான மாதிரி கொடுக்க வேண்டும். தலையையும் சுமக்கத் தயாராக இருப்பது நல்லது.

ஆகவே பயிற்சியில் பாதியை இறக்கத்துக்கு ஒதுக்குங்கள். வேட்டை வழமையாக ஆகஸ்ட் 20 தொடங்கும். ஏப்ரலில் ஆரம்பித்தால் இருபது கிழமை கிடைக்கும். முதல் நான்கு கிழமை வீட்டுப் படியே போதும். 20 சென்ரிமீற்றர் உயரப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் குதி நிலத்தை மெல்லத் தொடும்வரை மூன்று செக்கன் எடுத்து இறங்குவது. ஒரு காலுக்குப் பத்து, மூன்று சுற்று, கிழமையில் மூன்று நாள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் பயிற்சி வீண், வலிதான் மிச்சம். அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே போக வேண்டும். கண்ணாடிக்கு முன் செய்தால் தெரியும்.

பிறகு முதுகுப்பை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோடு தொடங்கி, கிழமைக்கு ஒன்றிரண்டு கிலோவாகக் கூட்டி, ஜூலை முடிவில் 25 கிலோவுக்கு வரலாம். பாரத்துக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம், எங்கள் வீடுகளில் அரிசிப் பைக்கா பஞ்சம்? ஒரு கிலோப் பைகளாகப் பிரித்து வைத்தால் கூட்டிக் குறைக்க வசதி. துவாயில் சுற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகோடு ஒட்டி இருக்கும்படி அடுக்குங்கள். அடியில் போட்டால் பை பின்னுக்கு இழுக்கும், இறக்கத்தில் குதியில் சறுக்குவீர்கள். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். வயிற்றில் கட்டுகிறவர்கள்தான் எங்களில் அதிகம், சாரம் கட்டிய பழக்கமோ என்னவோ.

ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஃப்ரோக்னர்சேத்தரனிலிருந்து மிட்ஸ்தூவன் வரை மாரியில் சறுக்குவண்டி விடுகிற பாதை கோடையில் நடைபாதையாகிவிடும். நீளம் 2 கிலோமீற்றர், இறக்கம் 255 மீற்றர். பாரத்தோடு முதலாம் இலக்க மெட்ரோவில் மேலே போய், நடந்து இறங்கி, மறுபடி மெட்ரோவில் ஏறுங்கள். மூன்று முறை இறங்கினால் 750 மீற்றருக்கு மேல் இறக்கம், ஏற்றமே இல்லாமல். மெட்ரோவில் அரிசி சுமந்து மலை ஏறுகிறவரைப் பார்த்து நோர்வேக்காரர் எதுவும் கேட்க மாட்டார்கள், பார்வை மட்டும் யன்னல் பக்கம் திரும்பும். ஊரில் என்றால் அந்த முச்சந்தியைக் கடக்க முன்னமே நாலு பேர் மறித்து, "எங்க தம்பி, அரிசியோட?" என்று கேட்டு, மூன்றாம் வீட்டுக்குச் செய்தி போய், அம்மா வாசலில் வந்து நின்றிருப்பா. யாரும் எதுவும் கேட்காத இந்தச் சுதந்திரத்துக்குப் பழகிவிட்டோம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். யாராவது ஒருவர் கேட்டால் நின்று கதைத்துவிட்டுப் போகலாமே என்று இருக்கும்.

சப்பாத்து பற்றிச் சுருக்கமாக. அரை அளவு பெரிதாக எடுங்கள், இறக்கத்தில் விரல் முன்னுக்குப் போகும். கணுக்காலுக்கு மேலுள்ள கொளுக்கிகளை இறுக்கிக் கட்டினால் பாதம் வழுக்காது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். குதியில் சூடு தெரிந்த உடனே ஒட்டுநாடா போட வேண்டும். கொப்புளம் வந்தபிறகு போடுவது சம்பிரதாயம். ஊன்றுகோலை இறக்கத்துக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் நீட்டிக்கொள்ளுங்கள். சுடும்போது அதுவே இரண்டாம் கை.

நடக்க வேண்டிய தூரத்தை நோர்வேக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். "அந்த மேட்டுக்கு அங்கால" என்றால் நான்கு மணித்தியாலம். காட்டுத் துருவமான் பெரும்பாலும் காற்றை எதிர்த்து நடக்கும், மணத்தைக் கிலோமீற்றர் கணக்கில் பிடிக்கும். அதனால் காற்றின் கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் போகவே நாளில் பாதி போய்விடும், கடைசி 200 மீற்றர் கல்லிலும் ஈரப் பாசியிலும் வயிற்றால் ஊர வேண்டும். முழங்கையையும் கழுத்தையும் யாரும் பயிற்றுவிப்பதில்லை. கிழமைக்கு இரண்டு நாள் புல்வெளியில் பத்து மீற்றராவது ஊர்ந்து பழகுங்கள், பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை.

இனித் துவக்கு. இங்கே வேட்டைக்காரராக 30 மணி நேரப் பாடமும் சோதனையும் உண்டு. பெரிய விலங்கு என்றால் அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் சூட்டுச் சோதனை. முதலில் 30 பயிற்சி வெடி. பிறகு 100 மீற்றர் தூரத்தில் மான் உருவத்தில் ஐந்து வெடி, ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ரவைக்கும் விதி உண்டு: 9 கிராமுக்குக் குறையக்கூடாது, 9இலிருந்து 10 கிராமுக்குள் என்றால் 100 மீற்றரில் 2700 ஜூல், அதற்கு மேல் என்றால் 2200 ஜூல் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும்.

இலக்கத்தைப் பார்த்துப் பயப்பட எதுவுமில்லை, 30 சென்ரிமீற்றர் சாப்பாட்டுக் கோப்பையைவிடப் பெரியது. எங்கள் ஆட்கள் தடுக்குப்படுவது வேறிடத்தில். விசையை அழுத்தும் கணத்துக்கு முன்பே கண் மூடும், தோள் முன்னுக்குத் தள்ளும், குழாய் தாழும், ரவை நிலத்தைக் கிளறும். எல்லாப் புதியவருக்கும் வருகிற வியாதிதான். ஆனால் வெடிச்சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் பங்கருக்குள் பாய்ந்த உடம்புக்கு அது வெறும் பழக்கக் குறைவு என்று எந்தப் பயிற்றுநரும் சொல்லிவிட முடியாது. "றிலாக்ஸ்" என்பார் அவர். முதுகில் ஏறி நிற்கும் வருடங்கள் அவருக்குத் தெரியாது.

வழி இருக்கிறது. சத்தத்தையும் உதையையும் முதலில் பிரித்து எடுங்கள். காதுக்குள் நுரைச் செருகி, அதற்கு மேல் காதுமூடி. துவக்கு முனையில் சத்தம் குறைக்கும் குழாய் இங்கே சட்டப்படி பொருத்தலாம், உதையும் குறையும். முதல் மாதம் .22 என்கிற சின்ன ரவைத் துவக்கால் மட்டும் சுடுங்கள். வீட்டில் ஒவ்வோர் இரவும் இருபது முறை வெறும் விசைப் பயிற்சி: ரவை எல்லாம் வீட்டின் அடுத்த அறையில், துவக்கில் ரவை போடும் இடத்தைத் திறந்து வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தரம் பார்த்து, குழாய் மேல் வெற்று ரவைக் கோதொன்றை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுப்பது. பிறகு சுடுதளத்தில் நண்பர் ஒருவர் உண்மை ரவையோடு போலி ரவையைக் கலந்து ஏற்றித் தரட்டும். போலி வரும்போது குழாய் தாழ்கிறதா என்று இருவருக்கும் தெரிந்துவிடும். தாழாமல் பத்து வரும்வரை பெரிய ரவையைத் தொட வேண்டாம்.

அடுத்தது, மூச்சு வாங்கும்போது சுடுவது. சுடுதள மேசையில் தேநீர் குடித்துவிட்டு ஐந்தையும் ஒட்டி அடிப்பவர் மலையில் எருமையளவு பாறையைக்கூடத் தவறவிடுவார். துவக்கின் பூட்டைக் கழற்றி எடுத்து, துவக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு 200 மீற்றர் ஓடி வந்து, முதுகுப்பை மேல் துவக்கை வைத்துப் படுத்து ஒரு வெடி. பிறகு முழங்காலில் ஒரு வெடி, ஊன்றுகோலில் ஒன்று. மூச்சை வெளியே விட்டு முடிகிற இடத்தில் இயல்பான ஓர் இடைவெளி வரும், அதில் ஐந்தாறு செக்கனுக்குள் விசை முடிய வேண்டும். முடியாவிட்டால் விட்டு மறுபடி மூச்செடுங்கள், அடக்கிப் பிடித்தால் குறி துடிக்கும். எந்த நிலையில் ஐந்தும் 15 சென்ரிமீற்றருக்குள் விழுகிறதோ அந்த நிலையும் அந்தத் தூரமும்தான் உங்கள் எல்லை. மந்தையில் இன்னொன்று பின்னால் நின்றால் எந்தத் தூரத்திலும் சுடக்கூடாது, ரவை ஒன்றைத் துளைத்து மற்றதில் பாயும்.

கடைசியாகக் கடினமாக இறங்குவது வேட்டைக்குப் பத்து, பன்னிரண்டு நாள் முன்பு. அந்தச் சேதம் ஆறியபின் தசைக்குக் கிடைக்கும் காப்பு சில கிழமைக்கு நிற்கும். அதற்குப் பிறகு பாரத்தைப் பாதியாக்கி, நடை மட்டும். பைக்குள் பனங்கட்டித் துண்டும் எள்ளுருண்டையும் பொரிமாவும் போடுங்கள். குளிரில் கையுறையோடு தின்ன, இங்கே விற்கிற சொக்கிலேற்றைவிட எள்ளுருண்டை உத்தமம், கல்லாக உறையாது.

சிக்கல் என்னவென்றால், வேட்டை தொடங்கும் நாட்கள்தான் பல வருடங்களில் ஊரில் நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் இடையில் வரும். 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. சட்டி பானைகூட வேறு. தொலைபேசியில் நேரலையாகத் தேர் இழுபடும்போது துவக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரை அம்மாவோ மனைவியோ பார்க்கிற பார்வையைத் தாங்க எந்தப் பயிற்சியும் கிடையாது. ஆனால் துருவமான் இறைச்சியைச் சுட்ட கையோடு சமைப்பதில்லை. நாள்வெப்பக் கணக்கு நாற்பது வரும்வரை, அதாவது 4 பாகையில் பத்து நாள், தொங்கவிட வேண்டும், அப்போதுதான் மெதுமையாகும். முதல் நாளே கன்றொன்று விழுந்தாலும் குளிரறையில் பத்து நாள் தொங்கும். இன்னும் கொடி இறங்காத வருடமென்றால் வெட்டி ஆழ்குளிரில் போட்டுவிட்டு, மரக்கறிச் சட்டியில் பூசணிக்காயோடு காத்திருக்க வேண்டியதுதான்.