ஆல்கோ எஞ்சின் பிராக்டிகல்: ஏ9 பிரேக்கை மட்டும் பார்த்தால் போதாது

டீசல் ஷெட்டில் உதவி லோகோ பைலட் பிராக்டிகல் ஒருவழியாக முடிந்தது. அடுத்து வரும் பேட்ச்சுக்காக எழுதுகிறேன். வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உண்டு.

கொடுத்தது டபிள்யூடிஎம்-2 என்ற பழைய ஆல்கோ வகை டீசல் எஞ்சின், 2600 குதிரைத்திறன். வாய்மொழித் தேர்வில் தொல்லையில்லை. முன்னே, பின்னே என்று திசை மாற்றும் ரிவர்சர் கைப்பிடி வாங்கத்தான் நாய்ப்பாடு. அது இல்லாமல் வண்டி நகராது என்பதால் தனியே பூட்டி வைத்திருந்தார்கள். கிளார்க் மெமோ கேட்டார். கொண்டுபோனால், “ஃபோர்மேன் சீல் எங்க தம்பி?” சீலோடு போனால் ஆளே சீட்டில் இல்லை. மெமோவில் சீல், கையெழுத்து, லோகோ நம்பர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

பேட்டரி நைஃப் சுவிட்ச், பிரேக்கர்கள், ஈசிஎஸ் (எஞ்சின் கன்ட்ரோல் சுவிட்ச்) ஐடிலில் என்று ஸ்டார்ட் வரை சுலபம். எஞ்சின் பிடித்ததும் பட்டனை விட்டுவிடாதீர்கள். லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பிரஷர் ஏறும்வரை அழுத்தியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும். பேனலில் பாதி எழுத்து பெயிண்டுக்கு அடியில். சீனியர்கள் தந்த ஜெராக்ஸ் நோட்ஸ் வேறு எஞ்சினுடையது போல. சுவிட்சுகள் இடம் மாறிக் கிடந்தன.

எஞ்சினுக்கு மட்டுமான எஸ்ஏ9-ல் பிரேக் பிடித்துக்கொண்டு, ஈசிஎஸ் ரன், ஜிஎஃப் (ஜெனரேட்டர் ஃபீல்டு சுவிட்ச்) ஆன், ரிவர்சர் முன்பக்கம், த்ராட்டிலில் முதல் நாட்ச் (படி). மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தைக் காட்டும் லோடு மீட்டர் முள் அசையவில்லை. இரண்டாவது நாட்ச்சுக்கும் எஞ்சின் ஐடிலில்தான் உறுமியது. பிரேக் குழாயில் காற்று குறைந்தால் இழுவையை வெட்டிவிடும் பிசிஎஸ் சுவிட்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து, வண்டி முழுக்கப் பிரேக் போடும் ஏ9-ஐ ரிலீஸில் வைத்தேன். பி.பி. (பிரேக் குழாய் காற்றழுத்தம்) 5 கிலோ ஏறினால் விளக்கு அணைய வேண்டும். ஏறவே இல்லை. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியும் எம்.ஆர். (முக்கியக் காற்றுத் தொட்டி) முள் இறங்கிக்கொண்டிருந்தது. தேர்வாளர் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்தார்.

காற்று எங்கோ போகிறது என்று புரிந்தது. எஞ்சின் சத்தத்தில் காதால் கண்டுபிடிக்க வழியில்லை. உதவியாளர் பக்கம் குனிந்து கையை நீட்டினால், டி1 எமர்ஜென்சி பிரேக் வால்வுக்கு அடியில் காற்று சீறி அடித்தது. முன்னால் ஏறிய யாரோ கைப்பிடியை முழுக்கத் திருப்பாமல் இறங்கியிருக்கிறார்கள். தள்ளி மூடினேன். பி.பி. 5 ஏறியது, விளக்கு அணைந்தது, முதல் நாட்ச்சிலேயே முள் எழும்பியது. தேர்வாளர், “ம், இறங்கு” என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாதாம்.

கேபினில் ஏறினால் உட்காருவதற்கு முன் டி1-ஐத் தொட்டுப் பாருங்கள். கேபினில் எஞ்சினை ஓட்டும் இரண்டாவது கன்ட்ரோல் ஸ்டாண்டையும் விடாதீர்கள். அதை எந்த நிலையில் விட்டுப் போனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.