548: என் சிபில் அறிக்கையை வரிவரியாகப் படித்த கதை

தங்கையின் கல்விக்கடனுக்காகத்தான் அன்று வங்கிக்குப் போயிருந்தேன். 2024 ஆகஸ்ட். மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா இல்லை. அம்மா வீட்டில் இருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவர். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு அடமானம் கேட்பதில்லை, ஆனால் வீட்டில் ஒருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான்தான் என்பதால் என்னைக் கூட்டிப் போனாள்.

திண்டுக்கல் கிளையில் கடன் பிரிவு அதிகாரி என் பான் எண்ணைக் கணினியில் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்ததால் குரலைத் தாழ்த்தி, "தம்பி, உங்க சிபில் 548-னு காட்டுது. ஒரு கார்டு செட்டில்மென்ட்ல இருக்கு, ஒரு டூ வீலர் லோன் ஓவர்டியூல இருக்கு. மேல அனுப்பினாலும் நிக்காது" என்றார். சிபில் என்று அவர் சொன்னது, நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண். ஓவர்டியூ என்றால் தவணை கட்டாமல் நிற்பது.

கார்டு விஷயம் எனக்குத் தெரியும். டூ வீலர் லோன்? என் பெயரில் எந்தக் காலத்திலும் வண்டி இருந்ததில்லை.

அந்த வாரமே அம்மா வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து நகைக்கடன் வாங்கி முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினார். பல வருடமாகக் கையிலேயே கிடந்த வளையல்கள் லேசில் வரவில்லை. குழாயடியில் உட்கார்ந்து சோப்பு நுரையைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். தங்கை ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். இதை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

கடன் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் சென்னையில் முதல் வேலை, முதல் கிரெடிட் கார்டு, 60,000 ரூபாய் வரம்பு. 2022 டிசம்பரில் வேலை போனது. அறை வாடகை, சாப்பாடு, அம்மாவுக்கு ஒரு கண் அறுவை சிகிச்சை என்று எல்லாமே கார்டில் போனது. இரண்டு மாதம் மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். அதைக் கட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் அறியாமை. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம்தான் வராது. மிச்சத் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். என் கார்டில் மாதம் 3.6 சதவீதம். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அப்புறம் அதுவும் கட்ட முடியாமல் போனது. 58,000 ரூபாயாக இருந்த பாக்கி 2023 அக்டோபரில் 91,000-ஐத் தொட்டிருந்தது.

வசூல் செய்கிறவர்கள் இரவு ஒன்பது மணிக்கும் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் ஒரு நாள் நல்ல குரலில், "45,000 கட்டுங்க சார், மொத்தமா முடிஞ்சிடும்" என்றார். நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். கணக்கு முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

முடியவில்லை. 'செட்டில்ட்' வேறு, 'குளோஸ்டு' வேறு. வங்கி தனக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஏட்டை மூடினால் அது செட்டில்ட். முழுவதும் கட்டி மூடினால்தான் குளோஸ்டு. அடுத்து கடன் கொடுக்க வருகிறவர் இந்த ஒரு சொல்லைத்தான் முதலில் பார்க்கிறார். செட்டில்மென்டுக்குச் சம்மதிக்கும் நிலையில் இப்போது யாராவது இருந்தால், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கையில் பணமே இல்லாதபோது அது ஒரு வழிதான். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பத்து மாதம் நான் அறிக்கையைத் திறந்தே பார்க்கவில்லை. பயம். கூடவே, நாமே பார்த்தால் ஸ்கோர் இறங்கிவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதை நம்பியிருந்தேன். அது உண்மையில்லை. கடன் கொடுப்பவர் நம் விண்ணப்பத்தின் பேரில் எடுத்துப் பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகிறது. நாம் பார்ப்பது கணக்கில் வராது. நான் செய்த முட்டாள்தனம் வேறு: வங்கி மறுத்த மறுநாளே பதற்றத்தில் மூன்று கடன் செயலிகளில் விண்ணப்பித்தேன். மூன்றும் மறுத்தன, மூன்றும் அறிக்கையில் பதிவாயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். இந்தியாவில் நம் கடன் வரலாற்றைத் தொகுத்து இப்படி அறிக்கை தருகிற நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 300 முதல் 900 வரையிலான அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். விஷயம் இருப்பது அதற்குக் கீழே. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பகுதி. அதில் மாதத்துக்கு ஒரு கட்டம், 36 மாதத்துக்கு. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 இருக்கும். தாமதமானால் எத்தனை நாள் என்று எண் ஏறும். என் கார்டின் வரிசையில் 000, 000 என்று வந்து, பிறகு 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. வேலையில்லாத அந்த ஒரு வருடத்தை யாரோ மாதம் மாதமாகக் குறித்து வைத்திருந்ததுபோல இருந்தது.

மொத்தம் மூன்று கறைகள். கார்டு ஒன்று. இரண்டாவது, 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' வகைச் செயலி ஒன்றில் 1,180 ரூபாய் பாக்கி. போன் எண் மாற்றியபோது அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். அதன் கட்டங்களில் 540-க்கு மேல் நாட்கள் ஏறிக் கிடந்தன. தொகை சிறிதென்று கட்டங்கள் இரக்கம் காட்டுவதில்லை. அதை அன்றே கட்டினேன். மூன்றாவது, அந்த டூ வீலர் லோன்: 62,000 ரூபாய், 2022-இல் வாங்கியது, முகவரி ராசிபுரம். என் பெயரே கொண்ட இன்னொருவருடையது. பான் எண்ணில் ஒரு எழுத்து மாறி என் தலையில் விழுந்திருந்தது.

இந்த மூன்றாவதில்தான் நான் அதிகம் கற்றேன். சிபில் தளத்தில் உள்நுழைந்து, அந்தக் கணக்கைத் தேர்ந்து, 'இது என்னுடையது அல்ல' என்று ஆட்சேபம் பதிவு செய்தேன். சிபிலால் தானாக எதையும் அழிக்க முடியாது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு, அது ஒப்புக்கொண்டால்தான் திருத்தும். அதனால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் பான் கார்டு, ஆதார் நகலோடு தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தது. அந்த விதியை மின்னஞ்சலின் கடைசி வரியில் மரியாதையாகக் குறிப்பிட்டேன். 26-வது நாள் அந்தக் கணக்கு என் அறிக்கையிலிருந்து போய்விட்டது. தீர்க்காமல் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் இணையத்திலேயே போகலாம். சிபில் போன்ற நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அதன் கீழ் வருகின்றன.

இதற்கு நடுவில் ஒருவர் போனில் வந்தார். 6,000 ரூபாய் கொடுத்தால் 30 நாளில் 750-க்கு ஏற்றித் தருவாராம், செட்டில்ட் என்பதையும் அழித்துவிடுவாராம். உண்மையாக இருக்கும் பதிவை எவராலும் அழிக்க முடியாது. தவறான பதிவை நாமே இலவசமாகத் திருத்தலாம். இவ்வளவுதான் விஷயம். கையில் காசில்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இப்படிப் பறிக்கிறார்களே என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கார்டு பாக்கிதான் கனமான வேலை. செட்டில்மென்டில் விட்டுக்கொடுத்த 46,000 ரூபாயைக் கட்டிவிடுகிறேன், கணக்கைக் குளோஸ்டு என்று மாற்றித் தாருங்கள் என்று வங்கிக்கு எழுதினேன். வாடிக்கையாளர் சேவையில் பேசியவருக்கு நான் கேட்பது புரியவே இல்லை. "உங்களுக்கு டியூ எதுவும் இல்லையே சார்" என்றார். மூன்று தடவை இதே பதில். பிறகு வங்கியின் தளத்தில் இருக்கும், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் முகவரிக்கு எழுதியபோதுதான் நகர்ந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்: வங்கியின் கடிதத்தாளில், கணக்கு எண், தொகை, கட்டி முடித்ததும் குளோஸ்டு என்று அனுப்புவோம் என்ற வாசகம், மூன்றும் எழுத்தில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. போன முறை வாய்வார்த்தையை நம்பி ஏமாந்தவன் நான். கடிதம் வந்தது. நான்கு தவணையாக அந்தக் கார்டு கணக்கிலேயே கட்டினேன், யாருடைய யு.பி.ஐ. எண்ணுக்கும் அனுப்பவில்லை. 2025 ஜனவரியில், பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் நோ டியூ சர்டிபிகேட் கைக்கு வந்தது. அந்த ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி மாறியிருந்ததால், மூன்றே வாரத்தில் அறிக்கையிலும் மாறியது.

பழைய கட்டங்கள் அப்படியேதான் இருந்தன. அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. புதிய கட்டங்களைச் சேர்ப்பதுதான் வழி. ஆனால் எனக்கு யார் கடன் தருவார்கள்? 25,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு கார்டு வாங்கினேன். டெபாசிட்டே பிணையாக இருப்பதால் இந்த வகைக் கார்டுக்கு ஸ்கோரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. 20,000 ரூபாய் வரம்பு. பால், போன் ரீசார்ஜ், பஸ் டிக்கெட் ஆகியவற்றை மட்டும் அதில் போட்டேன். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். நான் 3,000-ஐத் தாண்டவில்லை. பில் வந்ததும் முழுத் தொகையும் கட்டிவிடுவேன். பில் தேதி 12. அந்தத் தேதி இன்றைக்கும் எங்கள் வீட்டு காலண்டரில் மாதாமாதம் அம்மா கையால் வட்டம் போடப்பட்டிருக்கும்.

ஸ்கோர் சீராக ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராசிபுரம் வண்டி போனதும் 597. பிறகு மூன்று மாதம் அசையவே இல்லை. கார்டு குளோஸ்டு ஆன மாதம் 640-ஐத் தாண்டியது. மார்ச்சில் ஏனோ ஒன்பது புள்ளி இறங்கியது, அன்று மனசு விட்டுப் போனது. 2025 ஆகஸ்டில் 704.

அதே மாதம், அதே கிளை. பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு, "இந்தக் கார்டுல 2023 முழுக்க டியூ நின்னிருக்கே" என்றார். வங்கிக் கடிதம், நோ டியூ சர்டிபிகேட், ராசிபுரம் கணக்கைத் திருத்திய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். வேலை போனதிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவர் நோ டியூ சர்டிபிகேட்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "இதை ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தைத் தங்கை பக்கம் நகர்த்தினார்.

மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்துக்குக் கடன் கிடைத்துவிட்டது. என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வளையல்களை மீட்டுவிட்டோம். சங்கிலிக்கு இன்னும் 38,000 ரூபாய் கட்ட வேண்டும். பொங்கலுக்குள் முடித்துவிடுவேன்.